ஜூனில் எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், அப்புறம் ஏன் ரக்பி லீக் ரேட்டிங் சரிகிறது?

ஈல்ஸ்_ரசிகன் | ஸிட்னி | திங்கள் இரவு 9.12

கிரிக்கெட் இழைகளுக்கு நடுவே இதற்கு யாராவது வருவீர்களா தெரியவில்லை. கேட்டு வைக்கிறேன். ஸிட்னி மேற்கில் குடியேறிய பலரைப் போல நானும் பாராமட்டா ஈல்ஸ் என்ற ரக்பி லீக் கிளப் பக்கம் ஒதுங்கியவன். (கடைசிக் கோப்பை 1986இல். தெரியும். யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம்.)

என்ஆர்எல் (இங்குள்ள ரக்பி லீக் கிளப் போட்டி) சீசன் மார்ச் வாக்கில் தொடங்கி அக்டோபர் முதல் ஞாயிறு கிராண்ட் ஃபைனல் என்ற இறுதி ஆட்டத்தோடு முடிகிறது. நடுவில் வருவது முழுக் குளிர்காலம். ஜூனில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டு. வெளியே போக மனசு வராது, மொத்தத்தில் டிவி அதிகம் ஓடுகிற மாதங்களும் அவைதான். அப்படியென்றால் ரக்பி லீக் ரேட்டிங்கும் அப்போதுதானே உச்சத்தில் இருக்க வேண்டும்? வாரா வாரம் வரும் எண்களைப் பார்த்தால் அப்படி இல்லை. மார்ச்சில் ஒரு துள்ளல், ஏப்ரலில் பரவாயில்லை, மே கடைசியிலிருந்து ஜூலை பாதிவரை கிளப் மேட்ச்களில் தொய்வு. ஆகஸ்டில் மெல்ல எழுந்து செப்டம்பரில் பாய்கிறது. குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?

பிரிஸ்பேன்காரி | திங்கள் இரவு 9.40

ஆரிஜின்.

ஈல்ஸ்_ரசிகன் | திங்கள் இரவு 9.43

அது தெரியும் அக்கா. கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள்.

பிரிஸ்பேன்காரி | திங்கள் இரவு 10.05

சரி, புதிதாகப் படிப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்பது குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் நடக்கும் மூன்று மேட்ச் தொடர். 1980இல் எங்கள் லாங் பார்க்கில் ஒற்றை மேட்ச்சாகத் தொடங்கி 1982இலிருந்து மூன்றாக நடக்கிறது. ஒருவன் எந்தக் கிளப்புக்கு ஆடுகிறான் என்பது அங்கே கணக்கில்லை, எந்த மாநிலத்தவன் என்பதுதான் கணக்கு. மே கடைசியில் ஒன்று, ஜூனில் ஒன்று, ஜூலையில் ஒன்று. புதன் இரவு எட்டு மணி. ஆண்டு முழுவதற்குமான அதிகப் பார்வையாளர் பட்டியலில் அந்த மூன்று இரவுகளும் கிராண்ட் ஃபைனலோடு தோளோடு தோள் நிற்கும்.

அதற்கான விலையைக் கொடுப்பது கிளப் மேட்ச்கள். பெரிய ஆட்டக்காரர்கள் மாநிலக் கேம்ப்புக்குப் போய்விடுவார்கள். புதன் ஆடியவனை வெள்ளியன்று இறக்கமாட்டார்கள், இறக்கினாலும் பாதி உயிரோடுதான் ஓடுவான். இந்த வாரங்களில் நிறைய அணிகளுக்கு ஓய்வு கொடுத்து மேட்ச் எண்ணிக்கையையும் குறைத்துவிடுகிறார்கள். அரை அணி விளையாடும் மேட்ச்சை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? ஆக, குளிர்காலத்தில் ரக்பி லீக் பார்ப்பது குறைகிறது என்பது சரியில்லை. பார்க்கிற பசியெல்லாம் மூன்று புதன்கிழமைகளில் குவிந்துவிடுகிறது.

மெல்பர்ன்_வாசு | செவ்வாய் காலை 7.31

எங்கள் ஊரில் ஜூனிலும் தொய்வில்லை, செப்டம்பரிலும் தொய்வில்லை. ஏனென்றால் இங்கே யாரும் பார்ப்பதே இல்லை 😄

ஏஎஃப்எல் (எங்கள் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால்) வாழ்க.

பிரிஸ்பேன்காரி | செவ்வாய் காலை 7.50

2015இல் உங்கள் எம்சிஜி மைதானத்தில் ஆரிஜின் நடந்தபோது 91,513 பேர் வந்தார்களே, எல்லாரும் வழி தவறி வந்தவர்களா?

விளம்பர_மேஜை | ஸிட்னி | செவ்வாய் மதியம் 12.48

டிவி விளம்பர நேரம் வாங்கும் தொழிலில் இருக்கிறேன். அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் எண்களைப் பருவவாரியாக ஒப்பிடும்போது கவனிக்க வேண்டிய சில பொறிகள் இருக்கின்றன.

முதலில், எதை எண்ணுகிறோம் என்பது. முன்பெல்லாம் மறுநாள் காலை பேப்பரில் வருவது ஸிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், அடிலெய்ட், பெர்த் என்ற ஐந்து பெருநகரங்களின் கணக்கு. மற்ற ஊர்களெல்லாம் வட்டாரக் கணக்கு, தனியாக வரும். இதில் அடிபட்டது ரக்பி லீக்தான். நியூகாசில், டவுன்ஸ்வில், கோல்ட் கோஸ்ட், கான்பெரா, வொல்லொங்கொங் எல்லாம் அந்த ஐந்துக்கு வெளியே. அதாவது நைட்ஸ், கவ்பாய்ஸ், டைட்டன்ஸ், ரெய்டர்ஸ் என்று முழு முழுக் கிளப்களின் சொந்த ஊரே தலைப்புச் செய்தியில் இல்லை. 2015 கிராண்ட் ஃபைனலில் கவ்பாய்ஸ் 17-16 என்று கோல்டன் பாயின்ட்டில் (கூடுதல் நேரத்தில் முதலில் எடுக்கும் புள்ளி) பிராங்கோஸை வென்றார்களே, அன்று டவுன்ஸ்வில்லில் எத்தனை வீட்டில் டிவி அணைந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெருநகரக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஊரே தெரிந்திருக்காது.

2024 தொடக்கத்திலிருந்து நாடு முழுவதற்கும் சேர்த்து, ஸ்ட்ரீமிங்கையும் கூட்டி எண்கள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் கூடவே ரீச் என்ற எண்ணைத் தலைப்பில் போடுகிறார்கள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வேறு சேனலுக்குப் போனவரும் அதில் ஒரு தலை. சராசரி என்பது ஒவ்வொரு நிமிடமும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதன் சராசரி. இரண்டு மணி நேர மேட்ச்சில் இந்த இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள இடைவெளி வரும். 2019 சராசரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 2024 ரீச்சைக் காட்டி "பாருங்கள், குளிர்காலத்தில் வளர்ந்துவிட்டோம்" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஏஎஃப்எல்லா என்ஆர்எல்லா என்ற வருடாந்திரச் சண்டையில் இரண்டு தரப்பும் இந்த வித்தையைச் செய்கின்றன.

இன்னொரு வேடிக்கை. விளம்பரத் துறையின் ரேட்டிங் ஆண்டு என்பது பிப்ரவரியிலிருந்து நவம்பர் கடைசிவரை 40 வாரங்கள். கோடை விடுமுறை அதில் சேராது, ஈஸ்டரை ஒட்டிய இரண்டு வாரங்களும் சேராது. புனித வெள்ளிக்கு புல்டாக்ஸ் - ராபிட்டோஸ், ஈஸ்டர் திங்களுக்கு உங்கள் ஈல்ஸ் - வெஸ்ட்ஸ் டைகர்ஸ் என்று சீசனின் முதல் பாதியில் கூட்டம் சேர்க்கும் மேட்ச்கள் பல அந்த இரண்டு வாரங்களில்தான் விழுகின்றன. மக்கள் பார்க்கிறார்கள், எண்ணவும் எண்ணுகிறார்கள், ஆனால் ஆண்டுக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

ஈல்ஸ்_ரசிகன் | செவ்வாய் மாலை 6.20

ஈஸ்டர் திங்கள் மேட்ச்சுக்கு நான் அரங்கத்தில் இருப்பேன், டிவி பார்க்கமாட்டேன். அதனால் என்னால் நஷ்டமில்லை.

சீரியஸாக: அப்போது குளிரும் இருட்டும் ஒன்றுமே செய்யவில்லையா?

ஆக்லாந்து_அக்கா | செவ்வாய் இரவு 9.58

இருட்டு நிறையவே செய்கிறது. ஆனால் எந்த மேட்ச்சுக்கு என்று பார்க்க வேண்டும். இரவு எட்டு மணி மேட்ச்சுக்கு மார்ச்சிலும் இருட்டுதான், ஜூனிலும் இருட்டுதான். வித்தியாசம் தெரிவது ஞாயிறு நாலு மணி மேட்ச்சில். மார்ச் தொடக்கத்தில் ஸிட்னியில் ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, நாலு மணிக்கு ஜனங்கள் கடற்கரையில் இருப்பார்கள். ஜூனில் அதே மேட்ச் முடிவதற்குள் இருட்டிவிடும். காலையில் பிள்ளைகளை ஜூனியர் ஃபுட்டிக்கு (இங்கே ரக்பி லீக், ஏஎஃப்எல் எல்லாமே ஃபுட்டிதான்) கூட்டிப்போய் வந்த குடும்பம் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மேட்ச், அது முடிந்ததும் ஆறு மணிச் செய்தி. இலவசச் சேனலான சேனல் நைனுக்கு அந்த மேட்ச் பிடிப்பதே அதன் பின்னால் செய்தி வருவதால்தான்.

அப்புறம் கடிகாரம். இதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் டேலைட் சேவிங், அதாவது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவது, கிடையாது (1992இல் வாக்கெடுப்பு வைத்து வேண்டாம் என்றுவிட்டார்கள்). ஆகவே மார்ச்சில் ஸிட்னியின் எட்டு மணி மேட்ச் பிரிஸ்பேனில் ஏழு மணி. ஏப்ரல் முதல் ஞாயிறு ஸிட்னி கடிகாரத்தைத் திருப்பிய பிறகு இரண்டு ஊரிலும் எட்டு. ஏழு மணிக்குப் பிள்ளைகள் விழித்திருக்கும் வீடும் எட்டு மணிக்கு அவர்களைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கும் வீடும் ஒன்றல்ல. என்ஆர்எல்லில் ஆடும் நியூசிலாந்து அணியான வாரியர்ஸின் ரசிகர்களான எங்களுக்கு ஸிட்னியின் எட்டு மணி என்றால் ராத்திரி பத்து. ஜூலைக் குளிரில் பத்து மணி மேட்ச் முடிந்து மறுநாள் வேலைக்குப் போய்ப் பாருங்கள்.

கிராண்ட் ஃபைனல் நாளன்றுதான் ஸிட்னியில் கடிகாரத்தை மறுபடி முன்னே தள்ளுகிறார்கள். ஞாயிறு இரவு ஏழரைக்கு மேட்ச் வைத்தும் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், மறுநாள் திங்கள் நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் அரசு விடுமுறை. நியூசிலாந்தில் விடுமுறை இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பிரிஸ்பேன்காரி | செவ்வாய் இரவு 10.30

கடிகாரத்தைத் திருப்பினால் திரைச்சீலை வெளுத்துவிடும் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த இழையைத் தொடங்கிவிடாதீர்கள்.

லீட்ஸ்_மாமா | இங்கிலாந்து | புதன் காலை 6.15 (இங்கே செவ்வாய் இரவு)

பிள்ளைகள், ரக்பி லீக் பிறந்த ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு சொல். 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்து வந்த நாளிலிருந்து நூறு வருடம் இது இங்கே குளிர்கால விளையாட்டு. சனிக்கிழமை பின்னேரம் பிபிசியில் வர்ணனையாளர் எடி வேரிங்கின் குரல், சேற்றில் புரளும் ஆட்டக்காரர்கள், வெளியே நாலு மணிக்கே இருட்டு. 1965இல் பிபிசி2 செவ்வாய் இரவுகளுக்கென்றே ஃப்ளட்லிட் டிராஃபி என்று ஒரு போட்டியைத் தொடங்கியது. அப்போது அந்தச் சேனலுக்குப் பொறுப்பாக இருந்தவர் டேவிட் அட்டன்பரோ. ஓம், அதே விலங்குகள் அட்டன்பரோதான். அதில் ஆட விளக்கு வேண்டும் என்பதற்காகவே கிளப்கள் விளக்குக் கம்பம் நட்டன. 1979-80 சீசன் வரை ஓடியது. குளிர்கால இரவில் வீட்டில் அடைந்துகிடக்கும் ஆட்களைக் குறிவைத்துச் செய்த வேலை அது. ஈல்ஸ் தம்பி கேட்ட கணக்கை அவர்கள் அப்போதே போட்டுவிட்டார்கள்.

பிறகு 1996 வந்தது. ஸ்கை சந்தா டிவிக்காரர் மர்டாக்கின் காசு, ஐந்து வருடத்துக்கு 87 மில்லியன் பவுண்ட், சூப்பர் லீக் என்று புதுப் பெயர். கூடவே சீசனைக் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாற்றினார்கள். முதல் மேட்ச் மார்ச் 29, அதுவும் பாரிஸில். காய்ந்த தரை, வேகமான ஆட்டம், குடும்பத்தோடு அரங்குக்கு வரலாம் என்று சொன்னார்கள். அதெல்லாம் உண்மைதான், எனக்கும் பிடித்தது. ஆனால் டிவி பார்வையாளர் என்ற கண்ணால் பார்த்தால் தலைகீழ் வேலை. ஜூனில் லீட்ஸில் ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம். வெள்ளி இரவு எட்டு மணி மேட்ச் தொடங்கும்போது முழு வெயில், அயல்வீட்டான் பார்பிக்யூ போட்டுக்கொண்டிருப்பான். வருடத்திலேயே ஆட்கள் குறைவாக டிவி பார்க்கும் மாதங்களில் கொண்டுபோய் விளையாட்டை வைத்தார்கள்.

ஏன் என்றால், ஸ்கைக்குத் தேவைப்பட்டது வேறு. மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை உதைபந்தாட்டம் இல்லை. மாதச் சந்தா கட்டுகிறவன் அந்த மூன்று மாதம் சந்தாவை நிறுத்திவிடாமல் இருக்க ஏதாவது காட்ட வேண்டும். இலவசச் சேனல் அதிகத் தலைகளைத் தேடும். சந்தாச் சேனல் தன் அட்டவணையின் ஓட்டையை அடைக்கப் பார்க்கும். ஒரே விளையாட்டை ஒருவர் குளிர்கால இரவுக்குக் கேட்டார், மற்றவர் கோடைக்குக் கேட்டார்.

விளம்பர_மேஜை | புதன் காலை 9.10

மாமா சொன்ன கடைசிப் பத்தியை என் அலுவலகச் சுவரில் ஒட்டலாம். இங்கேயும் அதே பிரிவு உண்டு. நைனுக்கு வாரத்துக்கு மூன்று மேட்ச்தான், வியாழன், வெள்ளி, ஞாயிறு. சந்தாச் சேனல் ஃபாக்ஸ் லீக்கும் அதன் ஸ்ட்ரீமிங் கேயோவும் எல்லா மேட்ச்சையும் காட்டுகின்றன. ஆரிஜினும் கிராண்ட் ஃபைனலும் நைனில் மட்டும். ஆரிஜின் சமயத்து அரை அணி மேட்ச்கள் நைனின் சராசரியைக் கடிக்கும், ஆனால் ஆரிஜினே அவர்களிடம் இருப்பதால் சரிக்கட்டிவிடும். ஃபாக்ஸுக்கு அந்த ஆறேழு வாரம் வெறும் நஷ்டப் பக்கம்.

லீட்ஸ்_மாமா | புதன் மாலை 5.02

ஒன்று சேர்க்க மறந்தேன். எங்கள் நாக்-அவுட் போட்டியான சேலஞ்ச் கப் இறுதியின் தேதியைப் பாருங்கள். பழைய காலத்தில் மே. 2005இலிருந்து பெரும்பாலும் ஆகஸ்ட். 2024இலும் 2025இலும் ஜூன். ஆகஸ்டில் உதைபந்தாட்டம் மறுபடி தொடங்கிவிடுவதால் அதோடு முட்டிக்கொண்டது. மேயில் மழை வராது என்று நினைக்க வேண்டாம், 1968 இறுதி மே 11இல் வெம்ப்ளியில் குளத்துக்குள் நடந்தது. சூப்பர் லீக் கிராண்ட் ஃபைனல் மட்டும் 1998இலிருந்து அநேகமாக அக்டோபரில் ஓல்ட் டிராஃபர்டில். அதையும் பெரும்பாலும் சர்வதேச உதைபந்து நடக்கும் வார இறுதியாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். அரங்கு கிடைக்கும், டிவியில் போட்டியும் குறையும். எங்கள் சீசனின் தேதிகளையே இன்னொரு விளையாட்டின் விடுமுறைப் பட்டியல்தான் எழுதுகிறது.

மெல்பர்ன்_வாசு | புதன் மாலை 6.44

கிண்டலை விட்டு ஒன்று கேட்கிறேன். இது காலண்டரா, போட்டியின் ஈர்ப்பா என்று பிரித்துப் பார்க்க ஒரு நல்ல சோதனை நடந்ததே. 2020.

கொரோனாவால் இரண்டு சுற்றோடு சீசன் நின்றது. மே 28 பிராங்கோஸ் - ஈல்ஸ் மேட்ச்சோடு மறுபடி தொடங்கியது. ஆரிஜினை நவம்பருக்குத் தள்ளினார்கள், கிராண்ட் ஃபைனல் முடிந்த பிறகு, மூன்று வாரத்தில் மூன்று மேட்ச். அதே மாநிலங்கள், அதே புதன் இரவு, அதே சேனல். ரேட்டிங் முந்தைய ஆண்டுகளைவிடத் தெளிவாக விழுந்தது. ஆரிஜின் எந்த மாதத்தில் வைத்தாலும் கூட்டம் வரும் என்றால் ஏன் விழுந்தது? அப்போது குளிர்காலம் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

பிரிஸ்பேன்காரி | புதன் இரவு 8.15

அதை அவ்வளவு சுத்தமான சோதனை என்று எடுத்துக்கொள்ள முடியாது. முதல் மேட்ச் அடிலெய்டில். சீசன் முடிந்து கோப்பை கொடுத்தாகிவிட்டது, எட்டுக் கிளப்களின் ரசிகர்கள் செப்டம்பர் முடிவதற்கு முன்பே ஃபுட்டி மனநிலையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். ஆரிஜினின் சூடே நடு சீசனில் வருவதால்தான். ஞாயிறன்று ஒரே கிளப்பில் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றவர்கள் புதன் இரவு ஒருவரை ஒருவர் தூக்கி அடிப்பார்கள், அடுத்த வாரம் மறுபடி ஒன்றாக ஆடுவார்கள். நவம்பரில் அந்த முன்கதையும் இல்லை, பின்கதையும் இல்லை. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம் வந்த மாதிரி.

மூன்றாவது மேட்ச்சுக்கு எங்கள் சன்கார்ப் அரங்கம் நிரம்பியது, அந்தக் கொரோனா ஆண்டிலும். ஊருக்குள் ஆசை இருந்தது. ஸிட்னியில்தான் ஆளைக் காணோம்.

ஈல்ஸ்_ரசிகன் | புதன் இரவு 8.31

ஸிட்னியில் நவம்பர் புதன் எட்டு மணி என்றால் அப்போதுதான் வெளிச்சம் மங்கும் நேரம் அக்கா. அந்த ஆண்டு மாதக்கணக்கில் அடைந்துகிடந்துவிட்டு வெளியே வந்த ஜனம் வேறு. நான் வாசுவின் கட்சிக்குப் பாதி வருகிறேன்.

மே 28 மேட்ச்சை ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. 34-6. அதைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன்.

விளம்பர_மேஜை | புதன் இரவு 9.05

இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வானிலை கொடுப்பது மேடை மட்டும், அதாவது எத்தனை பேர் வீட்டில் டிவி முன்னால் இருக்கிறார்கள் என்பது. அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்பதை அட்டவணை தீர்மானிக்கிறது. ஜூன் மேட்ச்சுக்கு மேடை பெரிது, நாடகம் சிறிது. 2020 நவம்பர் ஆரிஜினுக்கு மேடையும் சுருங்கியது, அக்கா சொன்ன மாதிரி நாடகத்தின் சூடும் ஆறிவிட்டது. எது எவ்வளவு என்று அந்த ஓர் ஆண்டை வைத்துப் பிரிக்க முடியாது.

கொஞ்சம் நல்ல சோதனை வேண்டுமென்றால் 2018 முதல் 2022 வரை பாருங்கள், 2020 நீங்கலாக. அந்த ஆண்டுகளில் இரண்டாவது ஆரிஜினை ஞாயிறுக்கு மாற்றி, அந்த வார இறுதியில் கிளப் மேட்ச்களை நிறுத்திவைத்தார்கள். குளிர், மாநிலங்கள், மாதம் எல்லாம் அப்படியே இருக்க, கிழமை மட்டும் மாறியது. 2023இல் மூன்றையும் புதனுக்கே திருப்பிவிட்டார்கள். ஞாயிறு இரவில் நைனுக்கு எப்படியும் நல்ல நிகழ்ச்சிகள் உண்டு. வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண இரவைத் திருவிழா ஆக்குவதில்தான் ஆரிஜினின் மதிப்பு.

இன்னொன்று, குளிர்காலத்தில் வெளியாரும் வந்து மேய்வார்கள். 2023 ஆகஸ்ட் 12, சனி மாலை ஐந்து மணி, மட்டில்டாஸ் (ஆஸ்திரேலியப் பெண்கள் கால்பந்து அணி) - பிரான்ஸ் உலகக் கோப்பைக் காலிறுதி. பெனால்டிவரை போனது. அந்த நேரத்தில் நடந்த எந்த ஃபுட்டிக்கும் எண்ணைக் கேட்காதீர்கள். ஒலிம்பிக்ஸும் ஜூலை - ஆகஸ்டில்தான் வருகிறது.

மெல்பர்ன்_வாசு | புதன் இரவு 9.20

அந்த மேட்ச்சை எம்சிஜியின் பெரிய திரையிலேயே போட்டார்கள். ஏஎஃப்எல் பார்க்க வந்த கூட்டம் வாசலில் நின்று பெனால்டி பார்த்தது.

ஈல்ஸ்_ரசிகன் | புதன் இரவு 9.33

இன்னும் ஒன்று மட்டும். மார்ச் துள்ளல்? லாஸ் வேகஸில் நடத்தும் தொடக்க மேட்ச்களால்தானா?

விளம்பர_மேஜை | புதன் இரவு 9.51

வேகஸ் 2024இல்தான் தொடங்கியது, துள்ளல் அதற்கு முன்பே உண்டு. ஐந்து மாதம் ஃபுட்டி இல்லாத பசி, எல்லா அணியும் பூஜ்யத்தில் நிற்பதால் எல்லா ரசிகனுக்கும் நம்பிக்கை. (ஈல்ஸ் ரசிகருக்குத் தெரியாததா?) ஏப்ரல் ஆனதும் பாதிப் பேருக்கு அது தெளிந்துவிடும். அந்தத் தளர்ச்சியை மறைக்கத்தான் ஈஸ்டர், ஏப்ரல் 25 ஆன்சாக் நாளின் டிராகன்ஸ் - ரூஸ்டர்ஸ், மேயில் பிரிஸ்பேனில் மேஜிக் ரவுண்ட் என்று வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். எட்டு மேட்ச், ஒரே அரங்கம், ஒரே வார இறுதி. மேஜிக் ரவுண்ட் 2019இல் வந்தது, இப்போது அது இல்லாத மே மாதத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேகஸ் வந்ததில் என்ன மாறியது என்றால், சீசனின் முதல் மேட்ச்கள் ஞாயிறு மதியத்துக்கு வந்துவிட்டன. பகல், கோடைக் கடைசி, வெயில். இருட்டுக் கொள்கைப்படி அது ஓடவே கூடாது.

ஆக்லாந்து_அக்கா | வியாழன் காலை 7.05

2027இல் பெர்த் பேர்ஸ் என்ற புதுக் கிளப் வரும்போது இந்த வரைபடம் மறுபடி கலையும். மேற்கு ஆஸ்திரேலியாவும் 2009 வாக்கெடுப்பில் டேலைட் சேவிங் வேண்டாம் என்றுவிட்டது. ஆகவே ஸிட்னியோடு வித்தியாசம் குளிர்காலத்தில் இரண்டு மணி, மார்ச்சிலும் கிராண்ட் ஃபைனல் அன்றும் மூன்று மணி. ஜூனில் பெர்த்தில் ஆறு மணிக்குத் தொடங்கினால் ஸிட்னிக்குச் சரியாக எட்டு மணி மேட்ச் கிடைக்கும். மார்ச்சில் அதே எட்டு மணி வேண்டுமென்றால் பெர்த்தில் ஐந்து மணிக்கு, அந்த ஊர் வெயிலில் ஆட வேண்டும். ஆட்டக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

விளம்பர_மேஜை | வியாழன் காலை 8.40

எட்டு மணி மேட்ச்சாகவே அதை வைக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். கிழக்கில் எட்டு மணி மேட்ச் முடிந்ததும் பத்து மணிக்கு பெர்த் மேட்ச் என்று அடுத்தடுத்து ஓட்டினால் ஃபாக்ஸுக்கு ஒரே இரவில் நாலு மணி நேரம் நிரம்பிவிடும். உங்களுக்கு அது நள்ளிரவு பன்னிரண்டு மணி அக்கா.

ஆக்லாந்து_அக்கா | வியாழன் காலை 8.52

வாரியர்ஸை பெர்த்துக்கு மார்ச்சில் அனுப்பக் கூடாது என்று இன்றே ஒரு மனு எழுதுகிறேன். கையெழுத்துப் போடுபவர்கள் கீழே சொல்லுங்கள்.